மிஸ்டர் சுப்பையா, மூன்றாம் கவுன்டருக்கு வரவும்

மறுபடியும் அந்தக் கட்டம். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்டு, குடும்பப் பெயரைக் கேட்கும் 'சர்நேம்' கட்டம்.

என்னிடம் இல்லை ஐயா. என் தாத்தாவிடமும் இருந்ததில்லை. இருந்தால் ஒளித்து வைத்துக்கொண்டா இப்படி அலைவேன்?

முந்தாநாள் இரவு பத்து மணிக்கு விசா விண்ணப்பத்தைத் திறந்தேன். பெயர், முத்துக்குமார். அதுவரை சுமுகம். சர்நேம் என்ற இடத்தில், பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டிலிருந்து என்னோடு வரும் 'எஸ்' என்ற எழுத்தைப் போட்டேன். 'குறைந்தது இரண்டு எழுத்துகள் தேவை' என்றது. எஸ் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தேன். 'குறியீடுகளுக்கு அனுமதி இல்லை.' காலியாக விட்டேன். பக்கம் முழுவதும் அம்மை போட்டதுபோல் சிவந்தது. கடுப்பில், ஒன்றுமில்லை என்ற பொருளில், ஆங்கிலத்தில் 'நில்' என்று தட்டினேன். உடனே ஏற்றுக்கொண்டது! அடுத்த பக்கத்தில், 'அன்புள்ள திரு. நில், தொடரவும்' என்றது. நிற்பதா, தொடர்வதா?

கடைசியில் அப்பா பெயரைப் போட்டேன். நள்ளிரவுக்கு மேல் ஆகிவிட்டது. அதுதான் நான் செய்த தவறு.

நேற்றுக் காலை விசா மையத்தில் டோக்கனோடு உட்கார்ந்திருக்கிறேன். "மிஸ்டர் சுப்பையா!" யாரோ ஒரு சுப்பையா என்று நானும் சும்மா இருந்தேன். "சுப்பையா! சுப்பையா இருக்கிறாரா?" மூன்றாவது முறைதான் உறைத்தது. அப்பா போய்ப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அம்மா கடைசிவரை அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட என்னை இடித்து, "நீ சொல்லுடா" என்பாள். அந்தப் பெயரைத்தான் ஒரு கூடம் நிறைய ஆட்கள் நடுவே மைக் வைத்துக் கூவிக்கொண்டிருந்தார்கள். "அவர் வரமாட்டார், நான்தான் வருவேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

"சார், பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருக்கிறது. விண்ணப்பத்தில் சுப்பையா என்று இருக்கிறதே?"

"காலியாக விட்டால் உங்கள் விண்ணப்பம் நகரமாட்டேன் என்கிறது அம்மா."

"அப்படியென்றால் பாஸ்போர்ட்டை மாற்றிக்கொண்டு வாருங்கள்."

"மாற்றி எதைப் போடுவது?"

அந்தப் பெண் கூசாமல் சொன்னார்: "சாதிப் பெயர் ஏதாவது இருக்குமே சார், அதைப் போட்டுவிடுங்கள்."

1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டுப் பெயரின் சாதி வாலை நறுக்கினார்கள். ஏறக்குறைய நூறு ஆண்டாக ஒட்டாமல் கிடந்த அந்த வாலை, இணையப் படிவத்தின் ஒரு சிவப்பு நட்சத்திரம் திரும்ப ஒட்டவைக்கப் பார்க்கிறது.

நமக்குப் பெயர் வைக்கத் தெரியாதா என்ன? சங்கப் புலவர் ஒருவரின் பெயரை முழுதாகச் சொன்னால் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். ஊர், அப்பா, ஆள். இதற்குமேல் என்ன அடையாளம் வேண்டும்? நெற்றிக்கண்ணைத் திறந்தாலும் குற்றம் குற்றமே என்றாராம். அவரை இந்தப் படிவத்தின் முன் உட்கார வைத்திருந்தால் திரு. நில் ஆகியிருப்பார். காஞ்சிபுரம் நடராசன் அண்ணாதுரை என்பதும் அதே வரிசைதான்.

1930-இல் நோபல் வாங்கிய சி.வி. ராமனின் அந்த 'சி', அவருடைய அப்பா சந்திரசேகரர். ராமனின் அண்ணன் சுப்பிரமணியன் தன் மகனுக்கு அந்தத் தாத்தா பெயரையே வைத்தார். தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் பெயரன், அதுதானே பேரன். அந்தப் பேரன் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1983-இல் நோபல் வாங்கினார். உலகம் ஒளிச் சிதறலில் ராமன் விளைவு என்கிறது, நட்சத்திரங்களின் நிறையில் சந்திரசேகர் எல்லை என்கிறது. இரண்டும் தொட்டிலில் போட்டு வைத்த பெயர்கள்! சித்தப்பாவுக்கும் அண்ணன் மகனுக்கும் பொதுவாக ஒரு குடும்பப் பெயர் இல்லாததால் நட்சத்திரங்கள் ஒன்றும் உதிர்ந்துவிடவில்லை.

அமெரிக்க விசாக்காரர்கள் இன்னும் ஒரு படி மேல். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான் என்றால் அதைச் சர்நேம் கட்டத்துக்குத் தள்ளிவிட்டு, பெயர் கட்டத்தில் 'எஃப்.என்.யு.' என்று போடச் சொல்வார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள். தெரியவில்லையா? தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காதில் மூன்று முறை சொன்ன பெயர் ஐயா அது! 2022 நவம்பரில் அமீரகமும் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்குச் சுற்றுலா விசாவை மறுத்தது. அப்புறம் பாஸ்போர்ட்டின் பின்பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று இறங்கி வந்தது. அதாவது அப்பா பெயர் பெரும்பாலான பாஸ்போர்ட்டுகளில் இருக்கிறது, பின்பக்கத்தைத் திருப்பத்தான் யாருக்கும் கை வருவதில்லை.

என் வீட்டைப் பாருங்கள். படிவக் கணக்கில் நான் சுப்பையா. பையனும் பெண்ணும் முத்துக்குமார். மனைவி வங்கியில் முத்துக்குமார், பட்டச் சான்றிதழில் அவருடைய அப்பா. போன முறை விமான நிலையத்தில் ஓர் அதிகாரி நான்கு பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "ஒன்றாகத்தான் பயணம் செய்கிறீர்களா?" என்று கேட்டார். என் பையன் அவரிடம், "இவர் சுப்பையா, எங்களுக்குத் தெரிந்தவர்" என்று சொல்லித் தொலைத்தான்.

கவுன்டரிலிருந்து கிளம்பும்போதுதான் அந்தப் பெண்ணின் சட்டையில் குத்தியிருந்த பெயர் வில்லையைக் கவனித்தேன். பெயருக்கு முன்னால் ஒரு 'கே'. "உங்கள் சர்நேம் என்ன அம்மா?" என்றேன். இரு பக்கமும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அப்பா பெயர் சார். எனக்கும் இந்தப் பிரச்சினைதான். பான் கார்டு விண்ணப்பத்தில் என் பெயரே சர்நேம் இடத்தில் இருக்கிறது." இரண்டு பேருமே சிரித்துவிட்டோம். சிரித்த கையோடு மறுப்பு முத்திரையைக் குத்தித் திருப்பிக் கொடுத்தார்.

அதெல்லாம்கூடப் போகட்டும். அந்த மேஜையில் ஒரு பேனாவை நூல் கட்டி வைத்திருக்கிறார்களே, கையெழுத்துப் போடும் இடத்துக்கு நான்கு விரற்கடை முன்னாலேயே நூல் முடிந்துவிடுகிறது. எழுதாத பேனாவை எவன் ஐயா திருடப்போகிறான்?