ரைஸ் குக்கர் வாங்கினால் சோம்பேறியா?

நேற்று அத்தை மகனுக்கும் அவன் மனைவிக்கும் ஒரு ரைஸ் குக்கரைப் பரிசாக வாங்கிப் போனேன். அவர்கள் வீட்டில் நடந்ததை அங்கே இருந்தவர்களே இங்கே எழுதிவிட்டார்கள். பரிசின் படம், பெட்டியைப் பிரித்ததும் பெரியப்பா சொன்னது, சுற்றி எழுந்த சிரிப்பு எல்லாம் வந்துவிட்டது. மறுபடி விவரிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் "சோறு வடிக்கத் தெரியாத சோம்பேறிகளுக்குத்தான் ரைஸ் குக்கர்" என்ற அந்தப் பேச்சை மட்டும் என்னால் விட முடியவில்லை. பெரியவர் என்பதாலும், அத்தை மகனின் மனைவி முகம் ஏற்கெனவே வாடிவிட்டதாலும் அங்கே நான் வாயைத் திறக்கவில்லை. இது என் பக்கம். இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. ரைஸ் குக்கர் நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்று நான் எங்கும் சொன்னதில்லை. அரை மணி நேரமோ, அரிசியைப் பொறுத்து அதற்கு மேலோ ஆகும். அடுப்பில் வைத்தாலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். மிச்சமாவது கவனம். அடுப்பில் உலை வைத்தவருக்கு அந்த அரை மணி நேரம் சொந்தமில்லை. பொங்கி வழிகிறதா, தீயைக் குறைக்கலாமா, பருக்கை வெந்ததா, இப்போது வடித்தால் சரியாக இருக்குமா, இன்னும் ஒரு நிமிடம் விட்டால் குழைந்துவிடுமா என்று மனதில் ஒரு பகுதி அடுப்படியிலேயே நிற்கும். குழந்தை அழுதாலும், வாசலில் ஆள் வந்தாலும், தொலைபேசி அடித்தாலும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ரைஸ் குக்கர் அந்தக் காவலிலிருந்து விடுவிக்கிறது. அதற்காகத்தான் அது வீட்டில் இருக்க வேண்டும் என்கிறேன்.

அது வேலை செய்யும் விதத்தைப் பார்த்தாலே இது புரியும். பாத்திரத்தில் தண்ணீர் மிச்சம் இருக்கும்வரை அடியில் எவ்வளவு சூடு கொடுத்தாலும் வெப்பம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. தண்ணீரை எல்லாம் அரிசி குடித்து முடித்ததும் அடிப்பகுதி சட்டென்று அதற்கு மேல் சூடாகிறது. சாதாரண குக்கர்களில் உள்பாத்திரத்தின் அடியைத் தொட்டுக்கொண்டு ஒரு சின்ன காந்த அமைப்பு இருக்கும். ஏறக்குறைய 103 டிகிரியில் அதன் காந்த சக்தி போய்விடும். உடனே ஸ்பிரிங் தள்ள, 'டக்' என்று ஸ்விட்ச் மாறிவிடும். இவ்வளவுதான் விஷயம். சோறு வெந்த அந்த நொடியைத் தவறாமல் பிடிக்க ஒரு மனிதர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அதை ஒரு காந்தம் பார்த்துக்கொள்கிறது. இதில் யாருடைய கைப்பக்குவம் கெட்டுப்போகிறது? அரிசியைத் தேர்ந்தெடுப்பதும், கழுவுவதும், ஊறவைப்பதும், தண்ணீர் அளவைப் பழகிக்கொள்வதும் இன்னும் சமைப்பவர் கையில்தான் இருக்கிறது.

இதைக் கண்டுபிடித்த கதையையும் சொல்ல வேண்டும். ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தின் தானியங்கி ரைஸ் குக்கர் 1955இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பே மின்சாரத்தில் சோறு ஆக்கும் சாதனங்கள் வந்திருந்தன. ஆனால் பக்கத்திலேயே நின்று அணைக்க வேண்டியிருந்தது. அதாவது காவல் வேலை அப்படியே இருந்தது. தோஷிபாவுக்காக அதைத் தீர்த்தவர் யோஷிதாதா மினாமி. சிறு தொழிற்சாலை வைத்திருந்தவர். அந்தக் குக்கரில், அரிசி இருக்கும் பாத்திரத்தைச் சுற்றியுள்ள வெளிப்பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்ற வேண்டும். அது ஆவியாகித் தீர்ந்ததும் வெப்பம் ஏறும். அதை உணர்ந்து ஸ்விட்ச் தானாக அணையும். இதுதான் அந்த அமைப்பு. அது வேலை செய்கிறதா என்று திரும்பத் திரும்பச் சோறு ஆக்கிப் பார்த்துச் சோதித்தவர் அவருடைய மனைவி ஃபுமிகோ. அவர் எத்தனை முறை அந்தப் பாத்திரத்தின் முன்னால் நின்றிருப்பார் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஒரு பெண் அவ்வளவு நின்றதால்தான் உலகத்தில் இத்தனை பேர் இன்று நிற்காமல் இருக்கிறோம். அந்தச் சாதனத்தைப் பார்த்து "சோம்பேறி" என்று எப்படிச் சொல்ல வருகிறது?

எங்கள் வீட்டுக் கதையை இதுவரை இங்கே எழுதியதில்லை. அம்மாவுக்கு மணிக்கட்டில் மூட்டுவாதம் வந்த பிறகும் அவர்தான் வடித்துக்கொண்டிருந்தார். வடிப்பது என்றால் என்ன என்று வடிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கொதிக்கும் கஞ்சியும் சோறும் நிறைந்த பாத்திரத்தை, மூடியை அழுத்திப் பிடித்தபடி, இரண்டு பக்கமும் துணியால் பற்றித் தூக்கிச் சரிக்க வேண்டும். முகத்தில் ஆவி அடிக்கும். கை கொஞ்சம் நழுவினால் கஞ்சி காலில்தான். அம்மாவின் வலது பாதத்தில் அப்படித்தான் கொட்டியது. வெந்நீராவது வழிந்து ஓடிவிடும். கஞ்சி தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். காயம் ஆற மாதக்கணக்கானது. மருத்துவர் கட்டுப் போட்டுக்கொண்டே, "வீட்டில் வேறு யாரும் சமைப்பதில்லையா?" என்று கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை. அப்பாவும் நானும் பக்கத்தில்தான் இருந்தோம்.

அந்த வாரமே ரைஸ் குக்கர் வாங்கினோம். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "உட்கார்ந்து திங்கிற மாதிரி இருக்கு" என்றார். ஸ்விட்சைப் போட்டுவிட்டு, கட்டுப் போட்ட காலோடு வந்து வந்து பார்த்துவிட்டுப் போவார். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, மூடிதான் இருக்கிறது. ஆனாலும் வருவார். வாழ்நாள் முழுக்க நின்ற பெண்ணுக்கு உட்காருவது குற்றமாகத் தெரிந்தது. அந்தக் குற்ற உணர்வை அவருக்குள் விதைத்தது யார்? நேற்று அந்தக் கூடத்தில் கேட்ட சிரிப்பு மாதிரியான சிரிப்புகள்தான். எனக்கு வலித்தது அதனால்தான். அந்தப் பேச்சு என் பரிசைப் பற்றியது மட்டுமாக இருந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

அப்புறம் நடந்ததுதான் யாரும் எதிர்பார்க்காதது. அப்பா சோறு ஆக்க ஆரம்பித்தார். அதுவரை அடுப்புப் பக்கம் வந்தவரே இல்லை. உள்பாத்திரத்தில் எண்களோடு கோடுகள் இருக்கின்றன. அளவு கப் இருக்கிறது. இத்தனை கப் அரிசிக்கு இந்தக் கோடுவரை தண்ணீர். அவருக்கு அது பிடித்துப்போனது. "கண்ணளவு, கையளவு" என்று அம்மா சொன்னபோது புரியாதது, கோட்டைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அம்மாவின் கால் குணமான பிறகும் அந்த வேலையை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. இன்று வரைக்கும் எங்கள் வீட்டில் சோறு அப்பாவின் பொறுப்பு. பெரியப்பா, உங்கள் தம்பியைத்தான் சொல்கிறேன். அவர் சோம்பேறியா?

இனி, வழக்கமாக வரும் மறுப்புகள்.

"வடித்த சோற்றின் ருசி வராது." சரி, வேறு மாதிரிதான் இருக்கும். வடித்தால் பருக்கை உதிரியாக இருக்கும், குக்கரில் கொஞ்சம் ஒட்டும். பழக்கம்தான் இதைத் தீர்மானிக்கிறது. தண்ணீரைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள், ஸ்விட்ச் மாறியதும் பத்து நிமிடம் மூடியைத் திறக்காமல் விட்டுவிட்டு அப்புறம் கிளறிவிட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் விடுங்கள். ஆனால் ருசியைப் பற்றிப் பேசுகிறவர் அந்த ருசிக்காகத் தானே நின்று வடிப்பவராக இருந்தால் அவரோடு நான் வாதாடவே மாட்டேன்.

"கஞ்சியை வடித்தால் சர்க்கரை போய்விடும், குக்கர் சோறு நீரிழிவைக் கொண்டுவரும்." இதை அடித்துச் சொல்கிறவர்கள் ஏராளம். கஞ்சியோடு மாவுச்சத்தில் ஒரு பகுதி போகிறது, உண்மைதான். ஆனால் பருக்கைக்குள் இருப்பதுதான் பெரும்பகுதி. அது தட்டுக்குத்தான் வருகிறது. ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு வேகமாக ஏறும் என்பது அரிசியின் ரகத்தையும், அதிலுள்ள அமைலோஸ் (மெதுவாகச் செரிக்கும் ஒரு வகை மாவுச்சத்து) அளவையும், எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதையும் பெரிதும் பொறுத்தது. வடித்த சோறு என்று இரண்டு மடங்கு போட்டுக்கொள்பவரைக் கஞ்சி காப்பாற்றாது. கஞ்சியோடு பி வைட்டமின்களும் வெளியே போகின்றன என்பதையும் யாரும் சொல்வதில்லை.

அரிசியில் கலந்திருக்கக்கூடிய ஆர்செனிக் என்ற நச்சுப்பொருள் குக்கரில் குறையாதே என்று ஒருவர் கேட்டிருந்தார். அது நியாயமான கேள்வி. நிறைய தண்ணீரில் வேகவைத்து வடித்தால் அரிசியிலுள்ள ஆர்செனிக்கில் ஒரு பகுதி குறைகிறது. தண்ணீரை முழுக்க உறிஞ்சவிடும் குக்கர் முறையில் அந்தப் பலன் இல்லை. நிலத்தடி நீரிலும் அரிசியிலும் ஆர்செனிக் அதிகமுள்ள பகுதிகளில் இருப்பவர்கள் இதைக் கவனிக்கத்தான் வேண்டும். ஷெஃபீல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் ஒரு வழி சொன்னார்கள். கொதிக்கும் நீரில் அரிசியை 5 நிமிடம் போட்டு, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் விட்டு மூடி வேகவைப்பது. அந்த இரண்டாம் பகுதியைக் குக்கரில் செய்யலாம்.

"மின்சாரம் தின்னும்." 700 வாட் குக்கர் அரை மணி நேரம் முழுவீச்சில் ஓடினாலும் 0.35 யூனிட்தான். கணக்குப் போட்டுவிட்டுப் பேசுங்கள். மின்சாரம் இல்லாத நேரத்தில் என்ன செய்வது என்றால், அடுப்பு எங்கும் ஓடிப்போகவில்லை.

"பிரஷர் குக்கர் இருக்கும்போது இது எதற்கு?" இதைக் கேட்கும்போதுதான் நான் சொல்வது இன்னும் யாருக்கும் போய்ச் சேரவில்லை என்று தோன்றுகிறது. பிரஷர் குக்கர் வேகமானது, நானும் பயன்படுத்துகிறேன். ஆவி அழுத்தத்தில் உள்ளே 120 டிகிரி வரை ஏறுவதால் சீக்கிரம் வேகிறது. ஆனால் விசிலை எண்ணுவது யார்? மூன்றா நான்கா என்று மறந்துபோய்க் குழப்பத்தோடு ஓடிவந்து அணைப்பது யார்? அதே ஆள்தான். கவனத்தைத்தான் சொல்கிறேன் என்று முதலிலேயே எழுதிவிட்டேன்.

உள்பாத்திரத்தின் ஒட்டாத பூச்சைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் பூச்சைக் கீறாத மரக் கரண்டிக்கு மாறினாலே பாதிப் பிரச்சினை தீரும். எவர்சில்வர் பாத்திரத்தோடு வரும் குக்கர்களும் இருக்கின்றன.

இதையெல்லாம் சொன்ன பிறகும் ஒரு குரல் மிச்சமிருக்கும்: "அந்தக் காலத்தில் இப்படியா இருந்தோம்?" இல்லை. அந்தக் காலத்தில் தண்ணீர் இறைத்தோம், நெல் குத்தினோம், நடந்து போனோம். குழாயைத் திருகும்போது யாரும் யாரையும் சோம்பேறி என்பதில்லை. வண்டியில் போகிறவரிடம் நடக்கத் தெரியாதா என்று கேட்பதில்லை. மேடைக்கு லிஃப்டில் ஏறிப் போய், உழைப்பைப் பற்றிப் பேசிவிட்டு வருகிறோம். எல்லா வசதியும் முன்னேற்றம். சமையலறைக்குள் ஒரு வசதி நுழைந்தால் மட்டும் அது பெண்ணின் குணத்தைப் பற்றிய செய்தியாகிவிடுகிறது. நேற்று பரிசு கொடுத்தது இருவருக்கும். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், இருவரும் இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்கள். ஆனால் பெரியப்பா சொன்னபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தது அவளை மட்டும்தான். அவனை ஒருவர்கூடப் பார்க்கவில்லை. அவனுக்கு வடிக்கத் தெரியுமா என்று யாராவது கேட்டீர்களா?

பெரியப்பா, உங்கள்மீது எனக்கு மரியாதை இருக்கிறது. என்னைத் தோளில் தூக்கிச் சுமந்தவர் நீங்கள். அதனால்தான் இது வேறு யார் சொன்னதைவிடவும் அதிகமாகச் சுட்டது. பெரியம்மா இன்றும் இரண்டு வேளை வடிக்கிறார். அவருடைய கையை ஒருநாள் பிடித்துப் பாருங்கள். விளையாட்டாகச் சொன்னேன் என்பீர்கள். அந்த விளையாட்டைக் கேட்டுக்கேட்டுத்தான் அம்மா கட்டுப் போட்ட காலோடு மூடியைப் பார்க்க வந்தார்.

எல்லோரும் வாங்கியே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வாரத்தில் ஒன்றிரண்டு நாள்தான் சோறு ஆக்குகிறீர்கள் என்றால் வேண்டாம், இடத்தை அடைக்கும். வடிப்பதை விரும்பிச் செய்கிறவர்களுக்கும் வேண்டாம். தினமும் சோறு ஆகும் வீட்டில், சமைப்பவருக்கு வேறு வேலையும் இருந்தால், கை வலியோ முதுகு வலியோ இருந்தால், வயதானவர்கள் தனியாக இருந்தால், யோசிக்காமல் வாங்குங்கள்.

குக்கரை எப்படிப் பயன்படுத்துவது என்று தனிச்செய்தியில் கேட்டவர்களுக்கு: கூடவே வரும் கப் பொதுவாக 180 மில்லி. சமையல் புத்தகங்களில் வரும் 240 மில்லி கப் என்று நினைத்து அளந்தால் தண்ணீர்க் கணக்கு தவறிவிடும். பழைய அரிசியும் தவிடு நீக்காத அரிசியும் கூடுதல் தண்ணீர் கேட்கும், ஊறவைத்தால் நல்லது. சூடாக வைத்திருக்கும் நிலை 60 டிகிரிக்கு மேல் இருப்பதால் சில மணி நேரத்துக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் ஸ்விட்சை அணைத்துவிட்டு மூடியோடு இரவு முழுக்க அப்படியே விடாதீர்கள். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாகாமல் இருக்கும். சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் பெருகி நஞ்சை உண்டாக்கும். அது மறுபடி சூடாக்கினாலும் போகாது. மிச்சத்தை உடனே ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். அடித்தட்டில் ஒரு பருக்கை சிக்கியிருந்தால்கூட வெப்பம் சரியாகத் தெரியாமல் ஸ்விட்ச் முன்னே பின்னே மாறும். உள்பாத்திரத்தை வைக்கும் முன் அதன் வெளிப்புறத்தை ஈரமில்லாமல் துடைத்துவிடுங்கள்.