உனக்கென்ன குறைச்சல்?

போன ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டிப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் என் பக்கத்தில் சித்தி மகள் உட்கார்ந்திருந்தாள். மென்பொருள் நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருப்பவள். இலையைப் பார்த்தபடியே, "அக்கா, மூன்று மாதமாகத் தூக்கமே இல்லை. கவுன்சலிங் போகலாமா என்று யோசிக்கிறேன்" என்றாள். எதிர் வரிசையில் இருந்த பெரியம்மா காதில் அது விழுந்துவிட்டது. "உனக்கென்ன குறைச்சல்? வீடு இருக்கிறது, கார் இருக்கிறது, தங்கமான மாப்பிள்ளை. கிறுக்குப் பிடித்தவர்கள் போகிற இடத்துக்கு நீ எதற்குப் போகவேண்டும்?" அவள் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. (அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.)

பெரியம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. மனநலச் சிகிச்சை என்றால் அவர் தலைமுறைக்கு ஏர்வாடிதான் நினைவுக்கு வரும். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அங்கே ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அந்தப் படங்களைப் பத்திரிகையில் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் இலேசில் போகாது. ஆனால் "உனக்கென்ன குறைச்சல்" என்ற அந்த ஒரு கேள்வி, நன்றாகப் படித்து முன்னுக்கு வந்த எத்தனை பேர் வாயை அடைத்திருக்கிறது என்று நினைத்தால் வயிறு எரிகிறது. என் வாயையும் பல ஆண்டுகள் அடைத்திருந்தது.

மதுரையில் 18 ஆண்டுகளாக ஆடிட்டராக இருக்கிறேன். எங்கள் ஊரில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண் நான். தம்பியின் படிப்பு, தங்கையின் கல்யாணம், அய்யாவின் கண் அறுவைச் சிகிச்சை எல்லாம் என் கை வழியாகத்தான் நடந்தன. அதைப் பெருமையாகத்தான் செய்தேன், இன்றும் பெருமைதான். ஆனால் வீட்டில் எல்லோரும் சாய்ந்துகொள்கிற தூணுக்கு வலிக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு செப்டம்பர். வரித் தணிக்கை அறிக்கைகளுக்குக் கடைசி நாள் 30 என்பதால் அந்த மாதம் எங்கள் தொழிலில் யாரும் தூங்குவதில்லை. இரவு இரண்டு மணிக்கு நெஞ்சை அடைத்தது, கை மரத்தது. என்னவர் பதறி மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். இசிஜி, இரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தன. பணியில் இருந்த இளம் மருத்துவர் மெதுவாகக் கேட்டார்: "அம்மா, மனதுக்கு ஏதாவது பாரமா?" "டென்ஷன், வேறொன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டு விடிந்ததும் அலுவலகம் போய்விட்டேன்.

நான் கவுன்சலிங் போகச் சம்மதித்தது நெஞ்சுவலிக்காக அல்ல. என் மகன் 61 மதிப்பெண் வாங்கிய கணக்குத் தாளைப் பீரோவுக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தான். நான் அவனை அடித்ததே கிடையாது. "ஏன் ஒளித்தாய்?" என்று கேட்டதற்கு, "நீங்கள் பார்க்கிற பார்வை, அம்மா" என்றான். என்னவர் அரசுப் பள்ளி ஆசிரியர், அதிர்ந்து பேசாதவர். அவரும் அன்றுதான் சொன்னார்: "நீ வீட்டுக்கு வந்தும் செலவுக்கு வவுச்சர் கேட்கிறாய். காய்கறி விலையைக்கூட உன்னிடம் குறைத்துத்தான் சொல்கிறேன்."

முதலில் போன இடம் சரியில்லை. 20 நிமிடத்தில், "நல்லதையே நினையுங்கள், கணவரை அனுசரித்துப் போங்கள்" என்று சொல்லிக் கட்டணம் வாங்கிக்கொண்டார்கள். பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கவுன்சலர் என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிவிட முடிகிறது. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் என்ற அரசு அமைப்பில் பதிவு இருக்கவேண்டும். மனநல மருத்துவர் என்பவர் எம்பிபிஎஸ் படித்து அதற்கு மேல் மனநலம் படித்தவர், மருந்து எழுதக்கூடியவர். பதிவு எண்ணைக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். என்னிடம் வருகிறவர்கள் கேட்கிறார்களே!

இரண்டாவதாகப் பார்த்த உளவியலாளரிடம் ஒரு கோப்போடு போனேன். வீட்டில் யார், எப்போது, என்ன தவறு செய்தார்கள் என்று தேதிவாரியாக எழுதிய கோப்பு. அவர் அதை வாங்கவில்லை. அப்போதெல்லாம் எனக்கு என்ன உணர்வு வந்தது என்று கேட்டார். டென்ஷன் என்றேன். வேறு? டென்ஷன்தான். ஒரு தாளை நீட்டி அதைப் பிரித்து எழுதச் சொன்னார்: பயம் எவ்வளவு, கோபம் எவ்வளவு, வருத்தம், அவமானம், பொறாமை எவ்வளவு.

கணக்கில் "இதர செலவுகள்" என்று ஒரு தலைப்பு உண்டு. அந்தத் தொகை பெரிதாக இருந்தால் எந்த ஆடிட்டரும் விடமாட்டார், பிரித்துக் காட்டச் சொல்வார். 40 ஆண்டு வாழ்க்கையை நான் இதர செலவில் எழுதியிருக்கிறேன். பிரித்தபோது கோபம் கொஞ்சம்தான் இருந்தது. பெரும்பகுதி பயம். நான் தேறியதே தற்செயல், ஒருநாள் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்ற பயம். 1978-இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், சாதித்த பெண்களிடம் இதே பயத்தைக் கண்டு கட்டுரையாக எழுதியிருக்கிறார்கள் என்று உளவியலாளர் சொன்னார். கண்ணீர் வந்துவிட்டது. கடல் கடந்து யாரோ, நான் பிறப்பதற்கு முன்பே, என் மனதை எழுதிவைத்திருக்கிறார்கள்.

அதன் பிறகு வாரம் ஒரு மணி நேரம், ஏறக்குறைய எட்டு மாதம். அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் உருவாக்கிய அறிவாற்றல் சிகிச்சையைத்தான் பெரும்பாலும் செய்தோம். மனதில் ஓடுவதை எழுதி, அதற்கு என்ன சான்று, எதிராக என்ன சான்று என்று பார்ப்பது. கடைசி இரண்டு மாதம் என்னவரும் வந்தார். அந்த அறையில்தான், என் சம்பாத்தியத்துக்கு முன்னால் தான் சிறுத்துப்போனதாக அவருக்கு இருந்த வருத்தத்தை முதன்முதலாகக் கேட்டேன். 15 வருடக் குடித்தனத்தில் கேட்காதது.

"வெற்றியாளர்களுக்கு மட்டும்" என்று பெரிய கட்டணத்தோடு இப்போது கவுன்சலிங் விளம்பரங்கள் வருகின்றன. மனம் தெளிந்தால் இன்னும் அதிகம் சாதிக்கலாம், சம்பாதிக்கலாம் என்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. இன்னும் ஓடுவதற்குத் தெம்பு தருவதாகச் சொல்லி, ஓடிக் களைத்தவரை அழைப்பது பாவம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பணிச்சோர்வை வரையறுத்தபோது, சமாளிக்கப்படாமல் நீடிக்கும் பணியிட அழுத்தத்தின் விளைவு என்றுதான் சொன்னது. வேலையைக் குறைக்காமல் மனதை மட்டும் சீர்செய்ய முடியாது. நான் 11 நிறுவனங்களின் கணக்கை வேறு ஆடிட்டர்களிடம் கொடுத்துவிட்டேன். வருமானம் குறைந்தது. அய்யாவுக்கு அதில் வருத்தம்தான்.

செலவு பற்றியும் சொல்லவேண்டும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உடல் நோய்க்குத் தருவதுபோல மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும். ஆனால் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் தங்கினால்தான் பணம் தருகின்றன. வாராவாரம் போய்ப் பேசுவது நம் கைக்காசுதான். முடியாதவர்கள் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு அடைத்து, உடம்பில் ஒன்றும் இல்லை என்று மருத்துவரும் சொல்லிவிட்டால் 14416-ஐ அழையுங்கள். ஒன்றிய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

காதுகுத்து வீட்டிலிருந்து திரும்பும்போது சித்தி மகளை என் காரில் ஏற்றிக்கொண்டேன். செக்கானூரணி வரை அவள் எதுவும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. நாகமலை தெரிய ஆரம்பித்தபோது, "அக்கா, முதல் நாள் அங்கே என்ன கேட்பார்கள்?" என்றாள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சொல்ல ஆரம்பித்தேன்.