சிவப்புப் பட்டை போட்ட பெரியம்மா

பெய்ஜிங்கில் சந்து முனையில் குட்டி ஸ்டூலைப் போட்டு, சட்டைக் கையில் சிவப்புத் துணிப்பட்டையுடன் உட்கார்ந்திருக்கும் பாட்டிகளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். 'தாமா' என்பார்கள், நம்ம பெரியம்மா மாதிரி. யார் வீட்டுக்கு யார் வந்தார், எத்தனை நாள் தங்கினார், எல்லாம் அத்துப்படி. 2014-ல் பிரபலங்கள் சிலர் போதைப்பொருள் வழக்கில் அடுத்தடுத்து மாட்டினார்கள். 'மக்கள் கொடுத்த தகவல்' என்றது போலீஸ். சிஐஏ, மொசாட் வரிசையில் பெய்ஜிங்கின் சாவ்யாங் வட்டாரத்து மக்களையும் உளவுத்துறையாகச் சேர்த்துச் சிரித்தது சீன இணையம்.

போலீஸ் ஒரு பக்கம், ஊர்க் கட்டுப்பாடு இன்னொரு பக்கம் என்று பிரித்துப் பேசுவார்கள். சீனாவுக்கு அது பொருந்தாது என்பது என் எண்ணம். 11-ஆம் நூற்றாண்டிலேயே சீனப் பேரரசின் அமைச்சர் வாங் ஆன்ஷி பத்து வீட்டை ஒரு கட்டாகக் கட்டி, ஒருவன் குற்றத்தை மறைத்தால் மற்றவனுக்கும் தண்டனை என்று வைத்தார். 1963-ல் செஜியாங் மாகாணத்து ஃபெங்சியாவ் என்ற ஊரில் 'சிக்கலை மேலே அனுப்பாதே, ஊருக்குள்ளேயே முடி' என்றார்கள். மாவோ அதை நாட்டுக்கே முன்மாதிரி ஆக்கினார். பக்கத்து வீட்டுக் கண்ணை அரசு எப்போதோ வாடகைக்கு எடுத்துவிட்டது.

திருட்டுக்கு அந்தக் கண் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அது வாசற்படியோடு நின்றுவிடுகிறது. 'நேர்மையான நீதிபதிக்கும் குடும்ப வழக்கைத் தீர்க்க வராது' என்பது அங்கே பழமொழி. 2022 ஜனவரியில் ஜியாங்சு மாகாணத்துக் கிராமம் ஒன்றில், எட்டுப் பிள்ளை பெற்ற ஒரு பெண் கொட்டகையில் கழுத்தில் சங்கிலியோடு நின்ற வீடியோ வெளிவந்தது. குளிர்காலம், மேலே மெல்லிய துணி. ஊருக்கா தெரியாது? புது ஆள் வந்தால் மோப்பம் பிடிக்கும் அமைப்புக்கு, பல வருடமாக நடந்த இது மட்டும் எப்படிக் கண்ணில் படாமல் போனது? முதலில் உள்ளூர் அதிகாரிகள், சட்டப்படி நடந்த கல்யாணம், கடத்தல் இல்லை என்றார்கள். இணையம் கொதித்த பிறகுதான் கடத்தல் என்று ஒப்புக்கொண்டார்கள். கணவனுக்கு 2023-ல் ஒன்பது வருடச் சிறை.

இத்தனைக்கும் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2016 மார்ச்சிலேயே வந்துவிட்டது. அடித்தவனுக்குப் போலீஸ் எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கலாம். சரி, கொடுத்த பிறகு? குடியிருப்போர் குழுவுக்கோ கிராமக் குழுவுக்கோ தகவல் போகும். போலீஸோடு சேர்ந்து அந்த வீட்டுக் கதவைத் தட்டி, 'திரும்ப அடித்தானா?' என்று கேட்டுவர வேண்டியது அந்தக் குழு ஆட்கள்தான்.