மழை அளவு மட்டும் காரணமில்லை

'இலையுதிர் காடு என்றாலே மழை குறைந்த இடம்' என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். அது முழுக்கச் சரியில்லை. நான் மும்பை முலுண்டில் இருக்கிறேன். இங்கே ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல் மழை கொட்டுகிறது. ஆனால் ஏறக்குறைய எல்லாமே ஜூன் முதல் செப்டம்பருக்குள் முடிந்துவிடும். அப்புறம் நீண்ட வறட்சிதான். அதைத் தாங்கத்தான் எங்கள் பகுதியை ஒட்டியுள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் தேக்கு மரங்கள் இலையை உதிர்த்துத் தண்ணீரைக் காத்துக்கொள்கின்றன. ஓடைக்கரையில் மட்டும் பச்சை மிஞ்சும். இந்த மொட்டை மரங்களைப் பார்த்து 'காடு செத்துப்போச்சு' என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்காது. மார்ச்சில் வந்து பாருங்கள், இலையே இல்லாத புரச மரம் முழுக்கச் செம்மஞ்சள் பூ! மழை குறைவு பற்றிய அந்த ஒரு வரியை மட்டும் தயவுசெய்து திருத்திவிடுங்கள்.