பிரஷர் மாத்திரையா கிட்னியைக் கெடுக்குது?

ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்து வாட்ஸப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது: "சர்க்கரை உள்ளவங்க பிரஷர் மாத்திரை சாப்பிட்டா கிட்னி போயிடும், எலி ஆராய்ச்சியிலேயே நிரூபிச்சுட்டாங்க." தவறுங்க. எலி ஆராய்ச்சிகள் காட்டியது இதற்கு நேர்மாறு.

1978-இல் சர்க்கரை நோய் உண்டாக்கிய எலிகளில் ஒரு சிறுநீரகத்தின் ரத்தக்குழாயை மட்டும் கிளிப்பால் இறுக்கினார்கள். உடம்பில் பிரஷர் ஏறியது. ஏறிய அழுத்தம் முழுசாக விழுந்த மறு சிறுநீரகத்தின் வடிகட்டிகள் அதிகம் கெட்டன. கிளிப் போட்ட பக்கம் ஓரளவு தப்பியது. இரண்டுக்கும் ஒரே ரத்தம், ஒரே சர்க்கரை. வித்தியாசம் அழுத்தம்தான். 1986-இல் சர்க்கரை எலிகளுக்கு எனலாப்ரில் என்ற பிரஷர் மருந்தைக் கொடுத்தபோது வடிகட்டிக்குள் அழுத்தம் குறைந்தது, சிறுநீரில் புரதம் ஒழுகுவதும் தடுக்கப்பட்டது. பப்மெட் என்ற மருத்துவ ஆய்வுக் கட்டுரைத் தளத்தில் இரண்டின் சுருக்கத்தையும் இலவசமாகப் படிக்கலாம்.

எலி வேறு, மனிதர் வேறுதான். ஆனால் 1993-இல் கேப்டோப்ரில், 2001-இல் லோசார்டன் என்ற பிரஷர் மாத்திரைகள் சர்க்கரை உள்ள மனிதர்களிலேயே சோதிக்கப்பட்டு, சிறுநீரகம் கெடும் வேகத்தைக் குறைத்தன.

வதந்திக்கு விதை எங்கே? மேலே சொன்ன எனலாப்ரில், லோசார்டன் வகை மாத்திரை தொடங்கியதும் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு; கிட்னி எப்படி இருக்கிறது என்று பார்க்கும் அளவு) கொஞ்சம் ஏறலாம். அந்த ஏற்றம் 30 சதவீதத்துக்குள் என்றால் பெரும்பாலும் நிறுத்த வேண்டியதில்லை. அதற்குத்தான் 2 முதல் 4 வாரத்தில் கிரியேட்டினின், பொட்டாசியம் பார்க்கச் சொல்கிறார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தாலோ, கர்ப்பம் என்றாலோ உடனே மருத்துவரிடம் கேளுங்க, அப்போது மாத்திரையை நிறுத்த வேண்டியிருக்கலாம். மற்றபடி நீங்களாக நிறுத்தாதீங்க.

அந்தத் தகவலை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாமுங்க.