ஜெயிக்க வைக்க வேண்டாம், அவனோடு ஓடுங்கள்

அந்த ஓட்டப் பந்தய வீடியோவை எனக்கு அனுப்புவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பார்த்துவிட்டேன். மற்ற பையன்கள் எல்லைக் கோட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு ஆட்டிசம் உள்ள அந்தப் பிள்ளையை முதலில் போகவிட்டதையும், மேடையில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்ததையும் பார்த்தேன். காரைக்குடி குரூப்பெல்லாம் "மனிதநேயம்" என்று கொண்டாடுகிறது. எனக்கு வயிறு எரிகிறது.

பையன்கள் மேல் கோபமில்லை. நிற்கச் சொன்ன பெரியவர்கள் மேல்தான். அந்தப் பிள்ளை ஓட வந்தான். அவனோடு யாருமே ஓடவில்லை.

என் அண்ணன் மகனுக்கும் ஆட்டிசம்தான், தெரிந்தவர்களுக்குத் தெரியும். விடிகாலையில் மைதானத்தில் உள்வட்டக் கோட்டை ஒட்டியே ஓடுவான். நடைப்பயிற்சிக்காரர் யாராவது குறுக்கே வந்தால் அப்படியே நின்றுவிடுவான். விசில் சத்தம் ஆகாது, காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். அதனால் பயிற்சியாளர் விசிலைப் பையில் போட்டுவிட்டு, கையைத் தூக்கி இறக்குகிறார். அவர் செய்த மாற்றம் அவ்வளவுதான். நேரம் மட்டும் கறார். போன வாரத்தைவிட மெதுவாக ஓடினால் முகத்துக்கு நேரே சொல்வார். அவனை ஓட்டக்காரனாக மதிக்கிற ஒரே ஆள் அவர்தான்.

"ஜெயித்ததில் அந்தப் பிள்ளை சந்தோஷப்பட்டால் உனக்கென்ன?" என்று கேட்பீர்கள். சரி, வாரங்கல் பக்கத்துக் கிராமத்துப் பெண் தீப்தி ஜீவன்ஜியைப் பாருங்கள். ஊரே கேலி செய்த, அறிவுசார் குறைபாடுள்ள பெண். 2024-ல் ஜப்பானின் கோபேயில் நடந்த மாற்றுத்திறனாளிகளுக்கான உலகத் தடகளப் போட்டியில் 400 மீட்டரை 55.07 விநாடியில் ஓடி, தன் பிரிவில் உலக சாதனையோடு தங்கம் வாங்கினார். சில மாதம் கழித்து பாரிஸ் பாராலிம்பிக்ஸில் 55.82, வெண்கலம். உலக சாம்பியன் ஆயிற்றே என்று முன்னால் ஓடிய இரண்டு பேரும் வேகத்தைக் குறைக்கவில்லை. அதனால்தான் அந்த வெண்கலத்துக்கு மதிப்பு.

அமெரிக்காவின் மைக்கி பிரானிகனுக்குச் சின்னக் குழந்தையிலேயே ஆட்டிசம் என்று சொல்லிவிட்டார்கள். 2016 ரியோ பாராலிம்பிக்ஸில் டி20 பிரிவு, அதாவது அறிவுசார் குறைபாடுள்ளோர் பிரிவு, 1500 மீட்டரில் தங்கம். அதே வருடம் ஒரு மைலை 3 நிமிடம் 57.58 விநாடியில் ஓடினார். அந்தப் பிரிவில் நான்கு நிமிடத்துக்குள் ஓடிய முதல் ஆள் அவர். கூட ஓடுகிறவர்கள் நிஜமாக ஓடாமல் அந்த நேரம் யாருக்கும் வராது.

பொய் ஜெயிப்பு என்ன செய்யும் தெரியுமா? 2000 சிட்னி பாராலிம்பிக்ஸில் அறிவுசார் குறைபாடுள்ளோர் கூடைப்பந்தில் ஸ்பெயின் தங்கம் வாங்கியது. அணியில் பெரும்பாலானவர்களுக்கு அந்தக் குறைபாடே இல்லை என்று பிறகு வெளியே வந்தது. தண்டனை யாருக்கு? கூடைப்பந்து மட்டுமல்ல, அறிவுசார் குறைபாடுள்ளோர் பிரிவு மொத்தத்தையும் தூக்கிவிட்டார்கள். ஏதென்ஸ், பெய்ஜிங் இரண்டும் போச்சு, 2012 லண்டனில்தான், அதுவும் சில விளையாட்டுகளில் மட்டும், திரும்ப வந்தது. ஒரு தப்பும் செய்யாத எத்தனை பிள்ளைகளின் நல்ல வயசு அதில் கரைந்திருக்கும்! அது மோசடி, இது பாசம் என்பீர்கள். ஓடுகிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான், அவன் உண்மையான நேரம் யாருக்கும் தெரியாமல் போகிறது.

"எல்லாரும் பாராலிம்பிக்ஸ் போக முடியுமா?" முடியாது. ஆட்டிசத்துக்கென்று அங்கே தனிப் பிரிவுகூடக் கிடையாது, டி20-க்கு அறிவுசார் குறைபாடு இருக்க வேண்டும். எங்கள் பிள்ளைக்கு இடமே இல்லாமல் போகலாம். போகட்டும். அதற்காக இங்கேயும் ஓடவிடக் கூடாதா?

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். போன வருடம் ஒரு சாந்திக் கல்யாணத்தில், அதாவது அறுபதாம் கல்யாணத்தில், மேளச் சத்தம் தாங்காமல் அவன் கத்தினான். "இரண்டாங்கட்டில் ஒரு ரூமில் போட்டுக் கதவைச் சாத்து ஆத்தா, வந்தவங்க என்ன நினைப்பாங்க" என்று அண்ணமிண்டியிடம் (அண்ணன் மனைவியிடம்) சொன்னவர், இப்போது அந்த வீடியோவுக்குக் கண்ணீர் விடுகிறார். அந்தக் கண்ணீர் எனக்குச் செரிக்கவில்லை. பந்தியில் எங்கள் பிள்ளைக்கு ஓர் இலை போட மனசு வரவில்லை, வேறு யாரோ பிள்ளைக்கு மட்டும் இரக்கம் பொங்குகிறது!

உடற்கல்வி ஆசிரியர்கள் இதைப் படித்தால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பள்ளிகளுக்கான அடுத்த குறுவட்டப் போட்டியில் இப்படி ஒரு பிள்ளை வந்து நின்றால், விசிலுக்குப் பதிலாகக் கையை இறக்குங்கள். நேரத்தைக் குறியுங்கள். கடைசியாக வந்தால் கடைசி என்றே எழுதிக் கொடுங்கள். நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்.