அந்த ஒரு டம்ளர் தண்ணீர்

எழுதக்கூடாது, எழுதக்கூடாது என்று மூன்று நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். நேற்று ராத்திரி நம்ம ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருத்தர் "சின்ன விஷயத்தை ஊதிப் பெருசாக்காதீங்க, ஊழியர் மனசு புண்படும்" என்று போட்டார். அதற்குக் கீழே வரிசையாக இருபது ஆமென். இதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியாது.

எந்த விஷயம் என்று உங்களுக்கே தெரியும். கன்வென்ஷன் என்கிற நற்செய்திக் கூட்டத்தின் இரண்டாம் நாள். மேடையில் பிரசங்கித்துக்கொண்டிருந்த ஊழியர் இரண்டு தடவை இருமினார். முன்வரிசை ஓரத்தில் இருந்த, போதகருக்குத் துணையாக எங்கள் சபையைக் கவனித்த பழைய உபதேசியார் ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துக்கொண்டு படியேறிப் போனார். 74 வயது. முழங்கால் வலி, ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏறினார். மைக் ஓடிக்கொண்டிருக்கிறது. "யாருய்யா இவன மேடையில ஏத்துனது? இறங்கு. ஆவியானவர் அசைவாடுற நேரத்துல குறுக்க வராதே." உபதேசியார் திரும்பினார். வெட்கத்தில் கைப்பிடியைக்கூடப் பிடிக்கவில்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு சொட்டு சிந்தாமல் இறங்கினார். அதற்கும் கூட்டத்தில் யாரோ அல்லேலூயா சொன்னார்கள்.

இவன. இறங்கு. வராதே. தகப்பன் வயதுள்ள மனுஷனை.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். மனுஷனை மதிக்கத் தெரியாதவர் கையில் மந்தையைக் கொடுக்காதீர்கள். அவர் எப்படிப் பிரசங்கித்தாலும் சரி, எத்தனை ஆயிரம் பேர் கூடினாலும் சரி, அவர் ஜெபித்தால் என்ன நடந்தாலும் சரி.

"அவருக்குப் பெரிய வரம் இருக்கு" என்கிறீர்கள். இருக்கட்டும். 1 தீமோத்தேயு 3-ஐ எடுத்துப் பாருங்கள். கண்காணியாக, அதாவது சபைத் தலைவனாக, இருப்பவன் எப்படி இருக்கவேண்டும் என்று பவுல் வரிசையாகச் சொல்கிறார். குற்றஞ்சாட்டப்படாதவன், தெளிந்த புத்தியுள்ளவன், அந்நியரை உபசரிக்கிறவன், பொறுமையுள்ளவன், சண்டைபண்ணாதவன், பண ஆசையில்லாதவன். அத்தனையும் குணம். பேச்சுத் திறமை என்று பார்த்தால் "போதகசமர்த்தன்" என்று ஒரே ஒரு வார்த்தை. நாம் அந்த ஒரு வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கிழித்துப் போட்டுவிட்டோம். வரத்தைக் கர்த்தர் ஒரே நாளில் கொடுக்கலாம். குணம் அப்படி வராது. வீட்டில், தெருவில், டிரைவரிடம், சமையல்காரரிடம், மைக்செட் பையனிடம் தினம் தினம் நடந்து நடந்து வருகிறது அது.

அடுத்து என்ன சொல்வீர்கள் என்று தெரியும். "அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதே." நேற்று மட்டும் எனக்கு ஏழு பேர் அனுப்பியிருக்கிறார்கள். சங்கீதம் 105:15. அதற்கு முந்தின வசனங்களையும் வாசித்தீர்களா? கொஞ்சத் தொகைக்குட்பட்ட சொற்ப ஜனங்கள், பரதேசிகள், ஜாதி ஜாதியாய்ச் சுற்றித் திரிந்தவர்கள். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு. சொந்தமாக ஒரு தேசம் இல்லாதவர்களை ஒடுக்காதே என்று கர்த்தர் ராஜாக்களைக் கடிந்துகொண்ட இடம் அது. பலவான் பலவீனனைத் தொடாதே என்று சொன்ன வசனம். அன்றைக்கு அந்த மேடையில் ராஜா யார், பரதேசி யார்? அந்த வசனத்தை உபதேசியாருக்காக அல்லவா நீங்கள் சொல்லியிருக்கவேண்டும்?

"மோசேயை எதிர்த்த கோராகுக்கு என்ன ஆச்சு தெரியும்ல?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பூமி வாயைத் திறந்து கோராகை விழுங்கியதைச் சொல்லிப் பயமுறுத்துகிறார் போல. தம்பி, கோராகு கூட்டம் கூட்டிக்கொண்டு எதிர்த்து நின்றபோது மோசே முதலில் செய்தது என்ன? முகங்குப்புற விழுந்தான். எண்ணாகமம் 16:4. சகல மனிதரிலும் மிகுந்த சாந்தகுணமுள்ளவன் என்று வேதம் அவரைச் சொல்லுகிறது. அவர்களுடைய ஒரு கழுதையைக்கூட நான் எடுத்துக்கொள்ளவில்லை என்று கர்த்தரிடம் கணக்கு ஒப்புவிக்க முடிந்தது அவரால். அந்தக் கணக்கை ஒப்புவிக்கக்கூடியவர் மோசேயின் பெயரைச் சொல்லட்டும்.

"தூரப் பயணம், உபவாசம், களைப்பு, அவரும் மனுஷன்தானே" என்றார் என் தங்கச்சி. சரி. களைப்பில் வார்த்தை தவறும், எனக்கும் தவறியிருக்கிறது. ஆனால் இறங்கி வந்த பிறகு களைப்பு தீர்ந்ததே, சாப்பிட்டாரே, மூன்றாம் நாள் வந்து இரண்டு மணி நேரம் பேசினாரே. ஒரு வார்த்தை, "ஐயா, தப்பா நினைக்காதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல நேரமில்லையா?

எங்கள் சேகரத்தில், அதாவது பல ஊர்ச் சபைகள் சேர்ந்த வட்டாரத்தில், 1987 வாக்கில் ஒரு ஐயர் (போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்) இருந்தார். ஏழு கிராமத்துச் சபைக்கும் ஒரே சைக்கிள். வெள்ளை அங்கியை மடித்து மஞ்சப்பையில் வைத்து கேரியரில் கட்டிக்கொண்டு வருவார். கோயில் வாசலில் இறங்கியதும் முதலில் குழாயடிக்குப் போய்க் கால் கழுவுவார், பிறகு கோயிலைப் பெருக்கி மணியடிக்கிற கோயில்குட்டியாரைத் தேடிப் போய் "தோத்திரம்" சொல்லிவிட்டுத்தான் உள்ளே நுழைவார். அசனப் பண்டிகைக்குச் சோறு பரிமாறுவார். பந்தி பந்தியாக ஊர் முழுக்கச் சாப்பிட்டு முடிய நாலு மணி ஆகும். அதுவரை பச்சைத் தண்ணீர்தான். கடைசியில் அண்டா கழுவின பெண்களோடு தரையில் உட்கார்ந்து அடிச்சோற்றைச் சாப்பிடுவார். என் அம்மா ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்தாள். "நாற்காலி வேண்டாம்மா, இங்க இருந்தாத்தான் குழம்பு எட்டும்" என்றார். நான் நாலாம் வகுப்பு. அவர் செய்த பிரசங்கத்தில் ஒன்றுகூட இப்போது ஞாபகமில்லை. சோற்றுப் பருக்கை ஒட்டின அந்தக் கை ஞாபகமிருக்கிறது.

"அது அந்தக் காலம்" என்று சொல்லாதீர்கள். அந்தக் காலத்திலும் இதே வியாதி இருந்தது. நம்ம வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த அசரியா, 1910-ல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் வெள்ளைக்காரர்கள் நிறைந்த சபையில் எழுந்து நின்று எதைக் கேட்டார்? பணத்தையா, பள்ளிக்கூடத்தையா? ஏழைகளுக்கு உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையே கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். கூட வேலை செய்யும் இந்திய ஊழியரைச் சமமாக மதிக்கத் தெரியாத மிஷனரிகளைப் பார்த்துக் கேட்டது அது. இரண்டு வருஷம் கழித்து 1912-ல் அவரே தோர்ணக்கல் அத்தியட்சரானார், அதாவது பிஷப், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சர். அத்தியட்சரான பிறகும் மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் தெலுங்கு கிராமங்களைச் சுற்றினார். அன்றைக்கு அந்த அவமானத்தைச் செய்தது கடல் தாண்டி வந்தவர்கள். இன்றைக்கு நம் மேடையில், நம் மொழியில், நம்ம பிள்ளையே செய்கிறார். நாம் ஆமென் போடுகிறோம்.

இன்னும் ஒன்று. டோனாவூருக்குப் போயிருக்கிறீர்களா? 1901-ல் அங்கே வந்து, கைவிடப்பட்ட பிள்ளைகளுக்காக 50 வருஷம் உழைத்து, 1951-ல் அங்கேயே மரித்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், தன் கல்லறைக்குக் கல் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். பறவைகள் வந்து தண்ணீர் குடிக்கிற ஒரு தொட்டியைத்தான் வைத்திருக்கிறார்கள். அதில் "அம்மா" என்று மட்டும் எழுதியிருக்கிறது. நம்ம கன்வென்ஷனுக்குப் பாளையங்கோட்டை ரோட்டில் எத்தனை ஃபிளக்ஸ், எத்தனை அடி உயரம் என்று நீங்களே எண்ணிப் பார்த்திருப்பீர்கள்.

"தனியாப் போய்ச் சொல்லியிருக்கணும், மத்தேயு 18 அப்படித்தான் சொல்லுது." இது நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் மூன்று நாள் காத்திருந்தேன். அவர் ஆபீசுக்கு நாலு தடவை போன் பண்ணினேன். "ஜெப விண்ணப்பமா, காணிக்கையா?" என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றதும் லைன் போய்விட்டது. மூப்பன் மேல் பிராது என்றால் இரண்டு மூன்று சாட்சி வேண்டும் என்று பவுல் சொல்கிறார். அந்த மைதானமே சாட்சி. அவர்கள் சேனலிலேயே லைவ் போனது. "வெளியாட்கள் முன்னால் சபை மானத்தை வாங்குறீங்களே" என்கிறவர்களுக்கும் இதுதான் பதில். மானம் நான் எழுதுவதற்கு முன்னாலேயே லைவில் போய்விட்டது.

பொம்பளை நீ என்ன பேசுவது என்று ஒருத்தர் கேட்டிருக்கிறார். உயிர்த்தெழுந்த சேதியைக் கர்த்தர் யாரிடம் முதலில் சொல்லி அனுப்பினார் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டால், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் அம்மா மரித்த அன்றைக்கு அடக்க ஆராதனை நாலு மணிக்கு. அப்போது இருந்த ஐயர் வரவில்லை. வேறொரு பெரிய வீட்டில் புதுவீட்டுப் பிரதிஷ்டை, அங்கே விருந்து. நாலு மணி ஐந்தாயிற்று, ஐந்தே முக்காலாயிற்று. மார்ச் மாதம், பந்தலுக்குள் அப்படி ஒரு புழுக்கம். அவ்வளவு நேரமும் அம்மா பெட்டிப் பக்கத்தில் நின்று ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டை எடுத்து, ஒருத்தரும் எழுந்து போகாமல் பார்த்துக்கொண்டவர் இந்த உபதேசியார்தான். ஐயர் காரில் வந்து இறங்கினார். எல்லாவற்றையும் அவசர அவசரமாக முடித்தார். குழிப் பக்கத்தில் நின்று, புஸ்தகத்தைத் திறந்தபடி என் அண்ணனிடம் குனிந்து "பேர் என்ன?" என்று கேட்டார். 19 வருஷம் பெண்கள் ஐக்கிய சங்கத்தை நடத்தினவள் என் அம்மா. அந்த ஐயர் வந்த பிறகு மட்டும் மூன்று ஸ்தோத்திரப் பண்டிகைக்கு அவர் வீட்டு அடுப்படியில் நின்று சமைத்தவள். உபதேசியார்தான் அவரிடம் பேரைச் சொன்னார். சத்தமாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, முழுப் பேரையும் சொன்னார்.

அந்த மனுஷனைத்தான் "இவன" என்றார்கள்.

யோவான் 13-ஐ எல்லாப் பெரிய வியாழனுக்கும் வாசிக்கிறோம். எல்லாம் தம் கையில் ஒப்புக்கொடுக்கப்பட்டது என்று அறிந்து இயேசு எழுந்தார் என்று இருக்கிறது. அறிந்து எழுந்தவர் எடுத்தது சீலையை, சீஷர்களின் கால்களைக் கழுவ. கழுவின கால்களில் யூதாசின் கால்களும் இருந்தன. காட்டிக்கொடுக்கப் போகிறவன் காலுக்கே அந்த மரியாதை என்றால், தண்ணீர் கொண்டுவந்த கைக்கு என்ன மரியாதை கிடைத்திருக்கவேண்டும்?

முந்தாநாள் உபதேசியாரைப் பார்க்கப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். நான்தான் அழுதேன், அவர் அழவில்லை. "அத விடு பிள்ள. தொண்ட கட்டியிருந்துச்சே அவருக்கு, அப்புறமாவது யாரும் தண்ணி குடுத்தாங்களா?" என்று கேட்டார். இதை எழுதப் போகிறேன் என்றதும் வேண்டாம் என்றார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பேச்சை மீறுகிறேன்.

ஐயா, இதை உங்களுக்கு யாராவது வாசித்துக் காட்டுவார்கள் என்று நம்புகிறேன். அடுத்த மாதம் பக்கத்துச் சேகரத்தில் உங்களுக்குக் கூட்டம் இருக்கிறது. அங்கிருந்து எங்கள் ஊர் கால் மணி நேரம். கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது ஓட்டு வீடு, வாசலில் முருங்கை மரம் நிற்கும். கேமரா வேண்டாம், கூட யாரும் வேண்டாம். இரண்டு மணிக்கு மேல் அவர் வீட்டில்தான் இருப்பார்.